50 சதப் பொம்மைகள்



முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி எடுக்கும் நம்மூர்த் தங்கச்சி ஒருவர் போன கிழமை என்னிடம் வந்தார். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. காரணம், "அவ கறுப்பு".

"அப்பிடிப் பேசப்படாது என்டு வாய மூட வெச்சிட்டன் சேர். ஆனா மத்தப் பிள்ளை அன்டு முழுக்கப் பேசவே இல்ல."

கலாசாலையில் பியாஜே படித்தோம், பரீட்சை எழுதினோம். இதற்கு என்ன செய்வதென்று எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு வரலாற்றைச் சொன்னேன்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை என்று சட்டம் இருந்த காலம். மேமி கிளார்க், அவரது கணவர் கெனத் கிளார்க் இருவரும் கறுப்பின உளவியலாளர்கள். நியூயோர்க் ஹார்லமில் ஒன்று 50 சதம் வீதம் வாங்கிய பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தார்கள். நிறமும் முடியும்தான் வேறு. நல்ல பொம்மை எது என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெள்ளையைக் கொடுத்தார்கள். கூடாத பொம்மை எது என்றபோது மண்ணிறத்தை. கடைசிக் கேள்வி: "உன்னைப் போல இருப்பது எது?" சில பிள்ளைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடினார்கள்.

சின்னப் பிள்ளைக்கு நிறம் எங்கே விளங்கும் என்று நாம் சொல்கிறோம். பெண் பார்க்கப் போய்விட்டு வந்து "பிள்ளை வெள்ளையா?" என்று அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே கேட்பவர்களும் நாம்தான்.

1954 மே 17இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பிரிவினைப் பாடசாலைகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பொன்றில் கெனத் கிளார்க்கின் ஆய்வையும் காட்டியது. கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அதே ஆய்வில், வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பாடசாலையில் படித்த வடக்குப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விரும்பியிருந்தார்கள். ஒன்றாக உட்கார வைப்பது மட்டும் போதவில்லை. தீர்ப்புக்குப் பிறகு பாடசாலைகளை ஒன்றாக்கியபோது தெற்கில் ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களின் வேலையும் போனது. அந்தப் பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர்கள் அவர்கள்.

1989இல்தான் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸும் அவரது குழுவினரும் இதைப் பேச முன்பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள். மற்ற இனங்களை உடுப்பு, சாப்பாடு, பண்டிகை என்று ஒருநாள் காட்டிவிட்டு விடுவதைச் சுற்றுலாப் பாடத்திட்டம் என்று அதில் கண்டிக்கிறார்கள். வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒசரி, வேட்டி, தொப்பி போட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து நானும் போஸ்ட் போட்டவன்தான். அடுத்த நாள் சிங்களமொழிப் பிள்ளை அந்தப் பாடசாலைக்கு, தமிழ்மொழிப் பிள்ளை இந்தப் பாடசாலைக்கு.

அந்த நூலிலும் பொம்மை வருகிறது. இந்தப் பொம்மைக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, உம்மா வாப்பா உண்டு. ஆசிரியை அதை மடியில் வைத்து, இன்று யாரோ இவவின் கையைப் பிடிக்கவில்லையாம் என்று தொடங்குவார். எந்தப் பிள்ளையையும் சுட்டிக்காட்டத் தேவையில்லை. என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

தங்கச்சி தைக்கத் தொடங்கிவிட்டார். கடையில் கிடைப்பதெல்லாம் வெள்ளையும் ரோஸும்தானாம். மண்ணிறத் துணித் துண்டு மிச்சமிருக்கும் தையல்காரச் சகோதரிகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.