அயல் நன்னீர் உயிரிகளும் இரைதேர்வும் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

கிடைக்கும் உயிர்களில் எதைப் பிடிப்பது, எதை விட்டுவிடுவது என்று வேட்டை விலங்கு பிரித்துக்கொள்வதே இரைதேர்வு. அயல் இனமொன்று ஆற்றிலோ குட்டையிலோ பெருகியதும், அதைத் தின்ன இங்கே எதிரி இல்லை என்பார் சிலர். நாள்பட இயற்கையே தின்று தீர்த்துவிடும் என்பார் வேறு சிலர். இரு தரப்பாரும் இரையின் பூர்வீகத்தைப் பார்க்கிறார்கள். வேட்டை விலங்கு அதைப் பார்ப்பதில்லை. ராபர்ட் மெக்ஆர்தரும் எரிக் பியாங்காவும் 1966இல் முன்வைத்த கருத்தின்படி, தேடவும் பிடிக்கவும் உரித்து விழுங்கவும் ஆகும் பாட்டுக்கு எவ்வளவு சத்து கிடைக்கிறது என்பதே கணக்கு. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் அயல் உயிர்களை இந்தக் கணக்கில்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

தென்னமெரிக்கத் தங்க ஆப்பிள் நத்தை மலேசியாவில் 1991இல் பூச்சோங்கின் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையொன்றில் முதலில் கண்டறியப்பட்டது. பின்னர் நெல்வயல்களுக்குப் பரவியது. அதைத் தின்ன வந்தது நத்தைகுத்தி நாரை. வேடந்தாங்கலில் கூடுகட்டும் அதே பறவைதான். தாய்லாந்து வழியாகத் தெற்கே இறங்கித் தீபகற்ப மலேசியாவின் வயல்களில் கூட்டங்கூட்டமாக மேயத் தொடங்கியது. அதன் அலகின் நடுவிலுள்ள இடைவெளி பாக்குவெட்டி போல ஓட்டை நொறுக்குவதற்கு என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கீழலகின் கூர்முனையை நத்தையின் வாய்மூடிக்கு அடியில் செலுத்தித் தசையை அறுக்கிறது. உள்நாட்டுப் பைலா நத்தையின் மூடி சுண்ணாம்பேறித் தடித்தது. வந்தேறியின் மூடியோ நகம் போன்ற மெல்லிய தகடு. எண்ணிக்கையிலும் வந்தேறியே மிகுதி. தேடும் பாடும் திறக்கும் பாடும் குறைவான இரையை நாரை நாடுவதில் வியப்பில்லை.

அப்படியானால் நாரையே நத்தையை அடக்கிவிடாதா? அடக்காது என்றே கருத வேண்டியிருக்கிறது. நத்தை அரிதானால் தேடும் செலவு ஏறும். நாரை வேறு வயலுக்குப் பறந்துவிடும், எஞ்சியவை மீண்டும் பெருகும். ஒரு கொத்தில் சில நூறு முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று ஒட்டிக்கிடந்தாலும் அவற்றைத் தொடும் விலங்குகள் மிகச் சில. செரிமானத்தைத் தடுக்கும் புரதமும் நரம்பு நஞ்சும் அவற்றில் இருப்பதை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்; நிறமே எச்சரிக்கை. வேட்டை விலங்கும் மாறும் என்ற மறுப்பு வலுவானது. ஃபுளோரிடாவின் நத்தைப் பருந்துகள் உள்நாட்டு நத்தையைவிடப் பன்மடங்கு பெரிய அயல் நத்தையை எதிர்கொண்டபோது, இளம் பருந்துகள் முதலில் அதைத் தூக்க முடியாமல் நழுவவிட்டன. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அலகு பெருத்தது என்று 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் அதில் பிழைத்தது பருந்து, நத்தை ஒழியவில்லை.

மலேசியர் ‘இக்கான் பண்டாராயா’, அதாவது மாநகர மீன், என்றழைக்கும் கவச மீனின் கதை வேறு. தொட்டிப் பாசியை நக்கித் துப்புரவு செய்ய வாங்கப்பட்டு ஆற்றில் விடப்பட்ட இது, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆற்றிலும் இருக்கிறது. எலும்புத் தகடுகள் உடலை மூட, முதுகு, மார்புத் துடுப்புகளின் முட்கள் விறைத்து நிற்கும். புவேர்ட்டோ ரிக்கோவில் இதை விழுங்கிய கூழைக்கடா தொண்டையில் முள் சிக்கி இறந்த பதிவுண்டு. மத்திய அமெரிக்காவில் நீர்நாய்கள் இதைத் தின்னப் பழகியுள்ளன: கடித்துக் கிழிக்கும் வாய்க்கு ஆவது, முழுதாக விழுங்கும் தொண்டைக்கு ஆகாது. மனிதனும் இங்கே தேர்கிறான். அமேசான் கரையில் உணவாகும் மீன் கிள்ளானில் தூண்டிலில் சிக்கினால் கரையில் எறியப்படுகிறது. அழுக்கு ஆற்றின் மீனைச் சமைக்க ஆளில்லை.

வேட்டை மீனை விட்டு அயல் மீனை ஒழிக்கலாம் என்ற யோசனையும் இக்கணக்கில் தோற்கிறது. தூண்டில்காரர் விரும்பும் மயில் பாஸ் மீன் ஈயக் குட்டைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது, அதுவும் வந்தேறியே. பனாமாவின் கட்டூன் ஏரியில் அது பரவியபோது நிகழ்ந்ததை தாமஸ் சாரெட்டும் ராபர்ட் பெயினும் 1973இல் விவரித்தனர். கவசமும் முள்ளும் அற்ற உள்நாட்டுச் சிறுமீன்களே அங்கு முதலில் மறைந்தன.