கேப்டன் டிரைப் எடுத்த திருச்சி

போன வாரம் மொட்டை மாடியில் நம் பிளாக் பையன் ஒருவன் சூரிய உதயத்தை ஐந்து நிமிடத்தில் நாற்பது படம் எடுத்தான். எனக்கு லினேயஸ் டிரைப் ஞாபகம் வந்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ கேப்டன். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக 1858இல் திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய நெகடிவ் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம். பிரான்சில் லெ கிரே என்பவர் 1851இல் வெளியிட்ட முறை அது. தாளை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம், பயணிக்குத் தோது. ஆனால் ஒளி பதிய நிமிடக்கணக்காகும். காற்றில் ஆடும் இலை கலங்கிவிடும், நடந்து போகிறவர் படத்திலேயே இருக்க மாட்டார். காற்று எழாத விடிகாலைதான் இந்த வேலைக்கு நல்லது. வானம் வெறுமையாக வந்ததால், நெகடிவில் தூரிகையால் மேகம் தீட்டினார்!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. மறு வருஷமே புது கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். வங்கியில் செலவு வவுச்சர் பார்த்தே காலம் கழித்த எனக்கு அவர் பக்க நியாயமும் புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

டிரைப் வந்தபோது ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் முடியாத அடித்தளம்தான். அது 1987இல் நிறைவடைந்தது. அதற்கு முந்தைய வருஷம், கோபுரத்தில் சாரம் நின்றபோது, ஆக்ஃபா கிளிக் கேமராவில் ஒரு ரோல் எடுத்தேன். மொத்தம் 12 படம். கடைசிப் படம், கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு நந்தவனத்தில் விடியலில் அப்பா துளசி பறிப்பது. வெளிச்சம் போதவில்லை. செடிகள் தெளிவாக இருக்கின்றன, அப்பாவின் கை மட்டும் கலங்கியிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் படத்தைக் காட்டவே கூச்சப்பட்டேன்.

சென்ற மாதம் பீரோவைத் திறந்தால் ஒன்பது நெகடிவ் பூஞ்சை பிடித்து ஒட்டிப்போயிருந்தன. மிஞ்சிய மூன்றில் அதுவும் ஒன்று.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பழைய நெகடிவ் இருக்கும். மழைக்காலத்துக்கு முன் எடுத்துப் பாருங்கள். அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டுவந்தால், என் மருமகனிடம் உள்ள ஸ்கேனரில் ஏற்றித் தருகிறேன். கட்டணம் கிடையாது.