வளைவுகளின் வரலாறு: அல்ப்ஸ் மலை வீதிகளும் அவற்றைச் சமைத்த கைகளும்

வீதி என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்வதற்கானது என்றே நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் போய்ச் சேர்வதற்காக அல்லாமல், ஓட்டும் இன்பத்துக்காகவே மனிதர் தேடிப்போகும் வீதிகளும் உண்டு. கோடை தொடங்கி, கணவாய்களில் பனி வெட்டி அகற்றப்பட்டதும், சுவிஸ், ஒஸ்ரியா, இத்தாலி ஆகிய நாடுகளின் மலை வீதிகளில் மோட்டார் சைக்கிள்களும் திறந்த கார்களும் வரிசையாக ஏறத் தொடங்குகின்றன. 1980 இல் திறக்கப்பட்ட கொத்தார்ட் சுரங்க வீதியால் கால் மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய மலையை, வேண்டுமென்றே மேலேறி, வளைந்து வளைந்து கடப்பதில்தான் இவர்களுக்குத் திருப்தி.

நம்மவர் மத்தியில் இதுபற்றி இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். வசதி படைத்தோர் பெற்றோல் எரிக்கும் வீண் பொழுதுபோக்கு என்பது ஒன்று. இயற்கையின் அழகை அனுபவிப்பதில் அரசியல் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டுமே போதாதவை என்பது என் கருத்து. என்னோடு ஒரே இயந்திர வரிசையில் நிற்கும் போர்த்துக்கேயத் தொழிலாளி ஒருவர் கிழமை முழுவதும் இரவு வேலை செய்துவிட்டு, சனிக்கிழமைகளில் தன் பழைய மோட்டார் சைக்கிளில் கணவாய் ஏறுபவர். அவரை வசதி படைத்தவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். மறுபுறம், அவர் ஏறும் அந்த வளைவுகள் இயற்கை தந்தவையும் அல்ல. ஒவ்வொன்றும் யாரோ கட்டளையிட, வேறு யாரோ பாறை உடைத்து உருவாக்கியது. நான் முன்னர் வரலாறு கற்பித்த காலத்தில் கையாண்ட பாடநூல்கள் வீதிகளை ‘உட்கட்டமைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோயின. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கோ, எந்தப் பொருளைக் கண்டாலும் எழும் முதற் கேள்வி இதை யார், என்ன நிலைமையில் செய்தனர் என்பதே.

முதலில் வளைவின் தேவையைப் பார்ப்போம். செங்குத்தான மலைச்சரிவில் மனிதனும் கழுதையும் ஒற்றையடிப் பாதையில் ஏறிவிடலாம். குதிரைகள் இழுக்கும் பாரவண்டி ஏறாது. எனவே சரிவுக்குக் குறுக்காக வீதியைக் கிடத்தி, இடம் முடியுமிடத்தில் முழுவதுமாகத் திருப்பி, மறுபடி குறுக்காகக் கொண்டுபோக வேண்டும். வீதியின் நீளம் கூடக் கூட ஏற்றம் குறையும். கொண்டை ஊசி வளைவின் கணக்கு இவ்வளவுதான். இந்தக் கணக்கைப் பெருமளவில் போட்டவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர், படைத்தலைவர்கள். 1800 இல் நெப்போலியன் சிம்ப்ளோன் கணவாய்க்கு வீதி அமைக்க ஆணையிட்டது பீரங்கிகள் இத்தாலிக்குள் இறங்குவதற்காக. 1805 இல் அது நிறைவு பெற்றது.

இன்று வாகனமோட்டிகள் யாத்திரைபோலச் செல்லும் ஸ்ரெல்வியோ கணவாயின் கதையும் இத்தகையதே. 1815 இன் வியன்னா மாநாட்டுக்குப் பின் லொம்பார்டிப் பகுதி ஒஸ்ரியப் பேரரசின் கைக்கு வந்தது. புதிதாகக் கிடைத்த அந்தப் பகுதியைத் திரோலுடன் இணைத்து, வேண்டியபோது படையை நகர்த்த ஒரு வழி தேவைப்பட்டது. 1820 தொடக்கம் 1825 வரை, பொறியியலாளர் கார்லோ டொனெகானியின் திட்டப்படி, 2757 மீற்றர் உயரமான கணவாய்க்கு வீதி ஏற்றப்பட்டது. அதன் வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். 1859 இல் ஒஸ்ரியா லொம்பார்டியை இழந்ததும் வீதி தன் காரணத்தை இழந்தது. முதலாம் உலகப் போரில் இந்த உச்சிகளிலேயே ஒஸ்ரியப் படையும் இத்தாலியப் படையும் பனிக்குள் பதுங்குகுழி வெட்டி மோதின. போருக்குப் பின் கணவாயின் இரு பக்கமும் இத்தாலிக்குச் சொந்தமாயின. இராணுவத்துக்குப் பயனற்றுப்போன வீதியே உல்லாசத்துக்கு உரியதாயிற்று.

இவ்விடத்தில் நமது நாட்டையும் நினைத்துக்கொள்வது பொருத்தமானது. ஏனெனில் ஸ்ரெல்வியோவில் பாறை உடைக்கப்பட்ட அதே 1820களில்தான் இலங்கையில் ஆளுநர் எட்வேட் பாண்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைப்பித்தார். 1817-18 கிளர்ச்சிக்குப் பிறகு மலைநாட்டைப் படையால் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் வைத்திருப்பதே நோக்கம். கடுகண்ணாவை வளைவுகளுக்கான உழைப்பு இராஜகாரிய முறையின் பெயரால் குடிமக்களிடமிருந்து பெறப்பட்டது. அம்முறை 1832 இல் ஒழிக்கப்பட்டாலும், 1848 இன் வீதிச் சட்டம் ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சியின் காரணங்களுள் இதுவும் ஒன்று. அல்ப்ஸிலும் சரி, கண்டியிலும் சரி, வளைவு முதலில் அதிகாரம் மலையேறுவதற்கான ஏணியாகவே இருந்தது.

ஏணி எப்போது இன்பப் பொருளாக மாறியது? இதற்குத் தெளிவான விடையை ஒஸ்ரியாவின் குறோஸ்குளொக்னர் உயர்மலை வீதி தருகிறது. இவ்வீதி படைக்காகவோ வணிகத்துக்காகவோ போடப்பட்டதன்று. தொடக்கத்திலிருந்தே கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சியை விற்பதற்காகப் போடப்பட்டது. பொறியியலாளர் பிரான்ஸ் வலாக் 1924 இல் இதற்கான திட்டத்தில் இறங்கியபோது பலருக்கு அது வீண் கனவாகத் தெரிந்தது. கனவை நனவாக்கியது பொருளாதார வீழ்ச்சி. 1930 ஆகஸ்ட் 30 இல் வேலை தொடங்கியது. 1933 இல் ஒஸ்ரியாவில் உழைக்கக்கூடியோருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தார். அதே ஆண்டில் ஹிட்லர் அரசு, ஒஸ்ரியாவுக்குச் செல்லும் ஜேர்மனியர் ஒவ்வொருவரும் ஆயிரம் மார்க் கட்டவேண்டுமென விதித்து அந்நாட்டின் சுற்றுலாத் துறையின் கழுத்தை நெரித்தது. சால்ஸ்பேர்க் மாநிலத் தலைவர் பிரான்ஸ் றேல் வீதிக்கு அரசியல் துணையாக நின்றார். பனி உருகும் சில மாதங்களில் மட்டும் வேலை செய்யக்கூடிய அந்த உயரத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர்.

1935 ஆகஸ்ட் 3 இல் வீதி திறக்கப்பட்டது. மறுநாளே அங்கு கார், மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி. ஏறத்தாழ 48 கிலோ மீற்றர் நீளம், 36 வளைவுகள். ஆனால் இந்த இரு திகதிகளுக்கிடையில் நடந்தவற்றையும் சேர்த்தே படிக்கவேண்டும். 1933 மார்ச்சில் டொல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கினார். 1934 பெப்ரவரியில் வியன்னாத் தொழிலாளர் குடியிருப்புகள் மீது அரசு பீரங்கியால் சுட்டது. சமூக சனநாயகக் கட்சி தடைசெய்யப்பட்டது. நகரத்தில் தொழிலாளியைச் சுட்ட அரசு மலையில் தொழிலாளியைக் கொண்டு தன் பெருமையைக் கட்டியது என்று சொன்னால் மிகையாகாது. வீதியின் இரு கிளைகள் எந்த ஊருக்கும் போவதில்லை. காட்சிமேடையில் முடிந்துவிடுகின்றன. வீதி என்ற சொல்லின் பொருளே மாறிய இடம் இதுதான். காரில்லாதவர் கட்டிய வீதியில், காருள்ளவர் வந்து நின்று, மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அவ்வாறு பார்ப்பதற்கென்று வந்த பாஸ்ரெற்ச பனியாறோ ஆண்டுக்காண்டு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு முரண்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வீதி கடக்கும் 2504 மீற்றர் உயரமான ஹோக்டோர் பகுதியில் வேலை நடக்கையில் உரோமர் காலத்து ஹெர்குலிஸ் சிலையொன்று அகப்பட்டது. உப்பும் வைனும் சுமந்து மனிதர் இம்மலையைக் கடந்த பாதை அவ்வளவு பழையது. வெனிஸ் நாட்டுக் கப்பல்களில் துடுப்பு வலிப்பதற்காகச் சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிகளும் இப்பாதையாலேயே நடத்திச் செல்லப்பட்டனர்.

நான் வாழும் சுவிஸிலும் மலைப் பகுதிகளில் ‘போலந்துக்காரர் பாதை’ என்ற பெயர்ப் பலகைகளைக் காணலாம். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது, அங்கு போரிட்ட போலந்துப் படைப்பிரிவொன்றின் பன்னிரண்டாயிரம் அளவிலான வீரர்கள் எல்லை தாண்டி இங்கு தஞ்சம் புகுந்தனர். ஆயுதம் களையப்பட்டு, முகாம்களில் வைக்கப்பட்டு, வீதியும் பாலமும் அமைக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். 1941 நவம்பரில் வந்த கட்டளை அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணம் முடிப்பதைத் தடுத்தது. அனுமதியின்றி வீடுகளுக்கோ உணவகங்களுக்கோ போவதையும் தடுத்தது. நாட்டின் ஒரு பகுதியை மற்றப் பகுதியுடன் இணைக்க அவர்களின் கைகள் வேண்டும். அவர்கள் எவருடனும் இணைந்துவிடக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதித்தாள் கேட்டு வரிசையில் நின்ற அகதிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அப்படியானால் இந்த வீதிகளை வெறுக்கவேண்டுமா? நானும் ஸ்ரெல்வியோவில் ஓட்டியிருக்கிறேன். கீழிருந்து ஏறும்போது வளைவுகளின் இலக்கம் 48 இலிருந்து இறங்கிவரும். இரண்டாம் கியருக்கு மாற்றி, வளைவின் உட்புறத்தைப் பாராமல் வெளியேறும் இடத்தைப் பார்த்து, சுக்கானை ஒரே சீராகத் திருப்பவேண்டும். பத்தாவது வளைவுக்குள் கையும் கண்ணும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். தொழிற்சாலையில் இயந்திரத்தின் தாளத்துக்கு நாம் ஆடுகிறோம். இங்கு இயந்திரம் நம் தாளத்துக்கு ஆடுகிறது. எனது போர்த்துக்கேய நண்பர் சனிக்கிழமைகளில் தேடிப்போவது இதைத்தான் என நினைக்கிறேன். இந்த இன்பத்தைப் பொய்யென்று தள்ளுவது, உழைப்பவனுக்கு அழகு எதற்கு என்று கேட்கும் பழைய எசமானின் குரலையே வேறு வார்த்தைகளில் சொல்வதாகும். முன்னைய தலைமுறைத் தொழிலாளி செய்துவைத்த பொருளைப் பின்னைய தலைமுறைத் தொழிலாளி அனுபவிப்பதில் தவறென்ன?

தவறு, செய்தவரை அழித்துவிட்டு அனுபவிப்பதில் உள்ளது. ஒஸ்ரிய வீதி வலாக்கையும் றேலையும் நினைவுகூர்கிறது. போலந்துக்காரருக்குப் பெயர்ப் பலகையாவது உண்டு. நமது மலைநாட்டிலோ, றம்பொடை வளைவுகளை இன்று உல்லாசப் பயணக் கையேடுகள் புகழ்கின்றன. தோமஸ் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் நினைவுக்குறிப்புகளால் இலங்கை வீதிகளின் தந்தையாக நிலைத்துவிட்டார். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு வீதிப் படையணிகளில் பாறை பிளந்த தமிழ்க் கூலிகளுக்கோ நினைவுக்குறிப்புகள் இல்லை. யாழ்ப்பாணத்தை மையமாக வைத்து எழுதப்பட்ட நமது வரலாறுகளிலும் அவர்களுக்கு இடமில்லை. குடியேற்ற ஆட்சியின் அறிக்கைகளில் அவர்கள் எண்ணிக்கையாகவாவது இருக்கிறார்கள். அவ்வறிக்கைகள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் எவரும் பார்க்கத்தக்கதாக உள்ளன. ஐரோப்பாவெங்கும் சிதறியிருக்கும் நம்மிடையே ஆய்வுப் பயிற்சி பெற்றோர் எத்தனையோ பேர். மலையக நண்பர்களுடன் சேர்ந்து இவ்வேலையைத் தொடங்க யார் முன்வருகிறார்கள் என்பதே இக்கட்டுரை முன்வைக்க விரும்பும் கேள்வி.