மூன்று மாதக் கணக்கு

சுகர் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாடி மட்டும் பத்தியம் இருப்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வெறும் வயிற்று ரீடிங் அழகாக வந்துவிடும். அவர்களைக் காட்டிக்கொடுக்கிற எண் ஹெச்பிஏ1சி. அதைக் கண்டுபிடித்தவர் தேடிப் போனது சர்க்கரையை அல்ல.

1960களின் பிற்பகுதியில் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பர், பரம்பரையாக வரும் மாறுபட்ட ஹீமோகுளோபின் வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ரத்த மாதிரியை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து தனிப் பட்டையாக நிற்கும். சிலருடைய ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறாக வேகமாக ஓடும் ஒரு பட்டை. விசாரித்தால் அவர்கள் நீரிழிவுக்காரர்கள். 1968இல் இதை வெளியிட்டார். பிறகு நியூயார்க்கில் ஹெலன் ரானியோடு சேர்ந்து பார்த்தபோது, எல்லார் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிற, 1958லேயே பிரித்துக் காட்டப்பட்ட ஏ1சிதான் அது என்று தெரிந்தது. நீரிழிவுக்காரர்களிடம் அளவு கூடுதல், அவ்வளவுதான்.

இதுவும் பரம்பரைச் சொத்தா? 1975இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உருவம் ஒத்த இரட்டையர்கள். ஒருவருக்கு நீரிழிவு, மற்றவருக்கு இல்லை. ஏ1சி உயர்ந்திருந்தது நீரிழிவு உள்ளவருக்கு மட்டும். மரபணு ஒன்றே என்பதால் காரணம் சர்க்கரைதான்.

என்சைம் எதுவும் வேண்டாம். குளுக்கோஸ் தானாகவே ஹீமோகுளோபினில் மெதுவாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் லேசில் விடாது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். என் தொழிலில் நடந்ததைப் பதிவுசெய்ய லாக் எழுதும்படி தனியாகச் சொல்லவேண்டும். இங்கே சொல்லாமலே எழுதப்படுகிறது. ஆனால் சமமான சராசரி அல்ல: கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் ஏறக்குறைய பாதி.

அந்த எண்ணைக் குறைத்தால் ஆளுக்கு நன்மை உண்டா என்பதற்கு 1993 வரை திடமான பதில் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வு அந்தப் பதிலைத் தந்தது. ஒரு குழுவுக்கு ஏ1சி 7 சதவீதத்தை ஒட்டி, இன்னொன்றுக்கு 9ஐ ஒட்டி. கண்ணில் பாதிப்பே இல்லாமல் தொடங்கியவர்களுக்கு, விழித்திரை நோய் வரும் ஆபத்து முதல் குழுவில் 76 சதவீதம் குறைந்தது. இரண்டு புள்ளிதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ரஹ்பர் யூதர். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானை விட்டுக் கலிபோர்னியா போனார், 2012இல் இறந்தார்.

அவர் முதலில் தேடிய மாறுபட்ட ஹீமோகுளோபின்கள்தான் இன்று இந்தச் சோதனைக்குத் தொல்லை. அரிவாள் செல் நோய் போன்றவற்றில் சிவப்பணு சீக்கிரம் அழிவதால், சர்க்கரை எகிறியிருந்தும் ஏ1சி குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் பெரும்பாலும் நேர்மாறு, கூட்டிக் காட்டும். ரத்தசோகை இருப்பவர் ரிப்போர்ட்டை டாக்டரிடம் நீட்டும்போது, பக்கத்தில் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் வைக்க வேண்டும்.