விடைபெறாத ஒரு கணிதப் புதிர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து புறப்படும் ஒரு லாரி, ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி முதலாக 15 இடங்களில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும் எனக் கொள்வோம். எந்த வரிசையில் சென்றால் மொத்தத் தூரம் 80 கிலோமீட்டருக்குள் அடங்கும்? 10 இடங்களுக்கே 36,28,800 வரிசைகள் உண்டு. 15 இடங்களாயின் இவ்வெண் 1,30,000 கோடியைத் தாண்டும். ஆனால் ஒருவர் ஒரு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டால், தூரங்களைக் கூட்டி அது சரியா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம்.

எளிதில் சரிபார்க்கக்கூடிய விடையை எளிதில் கண்டுபிடிக்கவும் முடியுமா? 1971-இல் ஸ்டீபன் குக் தெளிவாக வரையறுத்த இக்கேள்வியே ‘பி - என்பி’ புதிர். இதைத் தீர்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்தது. ‘முடியாது’ என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆயினும் அதை நிறுவியவர் எவருமில்லை.

2010 ஆகஸ்டு 6 அன்று, ஹியூலெட்-பேக்கார்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வினய் தியோலலிகர், ‘முடியாது’ என நிறுவிவிட்டதாக ஒரு கையெழுத்துப் படியை அறிஞர்களுக்கு அனுப்பினார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற இந்தியர் அவர். நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அப்படியை முன்னணிக் கணித அறிஞர்கள் பலர் உடனே ஆராயத் தொடங்கினர்.

அவருடைய வாதம் இதுதான்: சில கடினமான கணக்குகளின் விடைகள் தனித்தனிக் கொத்துகளாகச் சிதறிக் கிடக்கின்றன, விரைவான முறை எதற்கும் இவ்வமைப்புப் பிடிபடாது. ஆனால் ஒற்றை, இரட்டை நிபந்தனைகளால் ஆன சமன்பாடுகளின் விடைகளும் இவ்வாறே சிதறிக் கிடக்கின்றன. அவற்றையோ, பள்ளி மாணவர் அறிந்த நீக்கல் முறையாலேயே விரைவில் தீர்த்துவிடலாம்! எளிய கணக்கையும் கடினம் என்று காட்டும் வாதம் எப்படிச் சரியாகும்? நீல் இம்மர்மன் என்ற அறிஞர் தர்க்கப் பகுதியிலும் கடுமையான பிழைகளைக் காட்டினார். ஓரிரு வாரங்களுக்குள் அந்நிறுவல் நிற்காது என்பது தெளிவாயிற்று.

இதற்குச் சரியாக எட்டு ஆண்டுகள் முன்பு, 2002 ஆகஸ்டு 6 அன்று, இந்தியர்களிடமிருந்து வேறோர் அறிவிப்பு வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அவருடைய இளம் மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும், ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் அறியும் முறையை வெளியிட்டனர். அதுவும் இதேபோல் உலகெங்கும் துருவி ஆராயப்பட்டது, நிலைத்து நின்றது.

நிறுவலைச் சோதிப்பவர் ஆசிரியரின் பெயரையோ பக்கங்களின் எண்ணிக்கையையோ பார்ப்பதில்லை. விடை முன்பே தெரிந்த எளிய கணக்கு ஒன்றில் அதே வாதத்தைப் பொருத்திப் பார்க்கின்றனர். மாணவர்களும் தம் பயிற்சி ஏட்டில் கையாளத்தக்க சோதனை இது.