கடலின் இடரும் காலத்தின் தேய்வும்

படகு வைத்திருப்போர் மனத்தில் எழுகின்ற ஒரு கேள்வி உண்டு. ஆண்டுதோறும் காப்பீட்டுக் கட்டணம் செலுத்துகிறோம். படகைக் கரையேற்றிக் கலப்பற்றுப் பார்க்கவும், அடிப்பாகத்திற்கு வண்ணம் பூசவும், எந்திரத்தின் தேய்ந்த உறுப்பை மாற்றவும் ஆகும் செலவை அக்காப்பீடு ஏன் தருவதில்லை? 'தராது' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எழுநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கத்தில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

பண்டைக் காலத்தில் வணிகனுக்குக் 'கடற்கடன்' கொடுக்கும் வழக்கம் இருந்தது. கப்பல் பத்திரமாகத் திரும்பினால் முதலும் மிகுந்த வட்டியும் கொடுக்க வேண்டும். கடலில் அழிந்தால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, 1234-இல் வெளியான தமது சட்டத் தொகுப்பில், இவ்வாறு இடரைத் தாமே ஏற்பதாகச் சொல்லி முதலுக்கு மேல் பெறுவோரும் வட்டிக்காரராகவே எண்ணப்படுவர் என்றார். இந்தத் தடை வணிகரை வேறு வழி தேடச் செய்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். 1347-இல் ஜெனோவா நகரில், மயோர்க்காத் தீவுக்குச் செல்லவிருந்த 'சாந்தா கிளாரா' என்னும் கப்பலுக்காக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. காப்பவர் தாம் வட்டியில்லாக் கடன் வாங்கியதாக ஒப்பமிடுகிறார். கப்பல் நலமாகச் சேர்ந்தால் அக்கடன் செல்லாது என்கிறார். உண்மையில் எவரும் எவருக்கும் கடன் கொடுக்கவில்லை. கடன் வேறு, இடர் வேறு எனப் பிரிந்து, இடருக்கு மட்டும் தனியே ஒரு விலை பிறந்த கதை இது.

விலை இடருக்கு மட்டுமே என்றால், இடர் அல்லாததற்கு அந்த விலையைக் கொண்டு ஈடு கேட்க முடியாதல்லவா? இலண்டன் லாயிட்ஸ் காப்பீட்டாளர்கள் 1779-இல் ஏற்றுக்கொண்ட பத்திர வாசகம் கடலின் இடர், போர்க்கப்பல், தீ, கொள்ளையர் என்று நீளமாகப் பட்டியலிடுகிறது. மரம் உளுத்துப்போவதும் ஆணி துருப்பிடிப்பதும் அதில் இல்லை. 1796-இல் இங்கிலாந்தில் நடந்த வழக்கு ஒன்றில், கப்பலின் அடிமரத்தைப் புழு அரித்தது கடலின் இடர் ஆகாது என்று முடிவாயிற்று. புழு கடலில்தான் வாழ்கிறது என்பது உண்மையே. ஆனால் மரக்கப்பலுக்குப் புழு எதிர்பாராத விருந்தாளி அல்ல!

1887-ஆம் ஆண்டு இவ்வகையில் சுவையானது. ஒரே கப்பல் நிறுவனத்தின் இரண்டு வழக்குகள் அவ்வாண்டில் பிரபுக்கள் அவையின் தீர்ப்பைப் பெற்றன. ஒன்றில், எலி ஈயக் குழாயைக் கடித்ததால் கடல்நீர் புகுந்து அரிசி மூட்டைகள் கெட்டன. அது கடலின் விபத்தே என்றனர் நீதிபதிகள். எலி கடித்தது குழாயை, அரிசியைக் கெடுத்ததோ கடல். மற்றொன்று 'இன்ச்மாரி' என்னும் நீராவிக் கப்பலைப் பற்றியது. கொதிகலனுக்கு நீர் நிரப்புகையில், திறந்திருக்க வேண்டிய அடைப்பிதழ் மூடியிருந்ததால் பம்பு வெடித்தது. இது கரையிலும் நிகழக்கூடியதே, கடலுக்கு இதில் தொடர்பில்லை என்று ஈடு மறுக்கப்பட்டது. அதே ஆண்டு வேறொரு வழக்கில் ஹெர்ஷல் பிரபு, காப்பீடு என்பது நேரக்கூடியதற்கே அன்றி நேர்ந்தே தீருவதற்கு அன்று என்னும் கருத்தைக் கூறினார். நம் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை கிடைப்பது அரிது.

பின்னர் 'இன்ச்மாரி' பெயராலேயே ஒரு விதி பத்திரங்களில் சேர்ந்தது. மறைந்திருந்த குறைபாட்டாலும் மாலுமிகளின் கவனக்குறைவாலும் வரும் சேதத்திற்கு ஈடு உண்டு. ஆனால் உரிமையாளர் தக்க அக்கறை காட்டத் தவறியிருக்கக் கூடாது. 1906-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமும், அதை ஒட்டி நம் நாட்டில் இயற்றப்பட்ட 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டமும், பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டாலன்றி, சாதாரணத் தேய்மானம், சாதாரணக் கசிவு, எலி முதலியவற்றால் நேரும் இழப்பு ஆகியவற்றை விலக்கிவிடுகின்றன.

காப்பீட்டாளரின் பணப்பையைக் காக்கும் தந்திரம்தானே இது என்று சிலர் கூறலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியதுண்டு. சாமுவேல் பிளிம்சாலின் கதையைப் படித்தபின் அந்த எண்ணம் மாறியது. நிலக்கரி வணிகரான அவர் டார்பி நகரின் பாராளுமன்ற உறுப்பினர். பராமரிப்பின்றி நைந்து, அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, மதிப்புக்கு மேல் காப்பீடும் செய்யப்பட்ட கப்பல்கள் அன்று கடலுக்கு அனுப்பப்பட்டன. மூழ்கினாலும் முதலாளிக்கு இழப்பில்லை. மக்கள் அவற்றைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றனர். ஏற மறுத்த மாலுமிகள் சிறையில் அடைக்கப்பட்டனர். 1873-இல் பிளிம்சால் இதைப் பற்றி நூல் எழுதினார். 1875-இல் மசோதா கைவிடப்பட்டபோது அவையிலேயே கொதித்தெழுந்தார். மறு ஆண்டு சட்டம் நிறைவேறி, கப்பலின் பக்கத்தில் சரக்கேற்று வரம்புக் கோடு கட்டாயமாயிற்று. எனினும் கோட்டை எங்கே வரைவது என்பது முதலாளியின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தது. 1890-இல்தான் அதுவும் சட்டத்தின் கைக்கு வந்தது.

மூழ்கினாலும் பணம் உண்டு என்றிருந்த இடத்தில் கலப்பற்றுப் பார்க்க முதலாளிக்கு மனம் வரவில்லை. விலை கொடுத்தவர் மாலுமி. இன்றைய சட்டத்தில், குறிப்பிட்ட காலத்திற்கு எடுக்கும் காப்பீட்டில், கடலுக்குத் தகுதியற்றது என்று தெரிந்தே ஒருவர் தம் கலத்தை அனுப்பினால், அத்தகுதியின்மையால் நேரும் இழப்புக்கு ஈடு கிடையாது. ஆகவே கரையேற்றிச் செய்த பழுதுபார்ப்புக்கான இரசீதுகளைப் படகுக்காரர் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. அச்செலவை எவரும் திருப்பித் தரமாட்டார்கள். படகு மூழ்கிய நாளில் உரிமையாளர் அக்கறையோடு இருந்தார் என்பதற்கு அவை சாட்சி சொல்லக்கூடும்.