சித்தூர் என்னும் பெயரும் அதன் கீழுள்ள எண்களும்

பழைய புள்ளிவிவரங்களைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்கு அலைந்த காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளம், சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி, இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் கணக்கெடுப்பு அறிக்கைகளும் மாவட்டக் கையேடுகளும் கெசட்டியர்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் எண் கிடைத்துவிட்டதாலேயே ஆய்வு முடிந்துவிடுவதில்லை. அந்த எண் எந்த நிலப்பரப்புக்கு உரியது என்னும் கேள்வி எஞ்சியிருக்கிறது. இதற்குச் சித்தூரும் திருப்பதியும் தக்க சான்றுகள்.

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சித்தூர் மாவட்டத்தைத் தேடுவோர் அதைக் காண இயலாது. அன்று சித்தூர், வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதியும் அம்மாவட்டத்துச் சந்திரகிரி வட்டத்தில் அடங்கியிருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுத் திருப்பதியை அறிய விரும்புவோர் நாட வேண்டியது, ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881இல் வெளிவந்து, பின்னர் ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்திய வடஆர்க்காடு கையேட்டையே. மதனப்பள்ளியோ கடப்பை மாவட்டத்தின் கீழ் இருந்தது. இவற்றை இணைத்துச் சித்தூர் தனி மாவட்டமானது 1911 ஏப்ரல் 1 அன்று.

அடுத்த மாற்றம் இன்னும் நுட்பமானது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. எல்லைப் பூசலைத் தீர்க்க முனைந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, நிலத்தொடர்ச்சியையும் 1951 கணக்கெடுப்பின் மொழிவாரி எண்ணிக்கையையும் அளவுகோலாக்கினார். அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு சித்தூருக்குச் சென்றது. கணக்கெடுப்பின் எண்கள் எல்லையை வரைய உதவின. அந்த எல்லையோ அடுத்த கணக்கெடுப்பின் எண்களை மாற்றியது. 1951, 1961 ஆகிய ஆண்டுகளின் சித்தூர் எண்களை அப்படியே அருகருகே வைத்துத் தமிழர் தொகை குறைந்தது எனக் கூறுபவர், மக்கள் இடம்பெயர்ந்ததையும் எல்லை இடம்பெயர்ந்ததையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

2022 ஏப்ரல் 4 அன்று மீண்டும் ஒரு பிரிவினை நிகழ்ந்தது. நெல்லூரின் கூடூர், சூலூர்ப்பேட்டை முதலிய பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது. 2011 கணக்கெடுப்பு சித்தூருக்குக் காட்டும் 41.74 லட்சம் பேர் பிரிக்கப்படாத மாவட்டத்தினர். அவர்களுள் பாதிக்கும் குறைவானோர் வாழ்ந்த பரப்பே 2022இல் சித்தூர் என்னும் பெயரில் எஞ்சியது. பழைய மக்கள்தொகையைப் புதிய மாவட்டத்தின் மருத்துவமனைகளாலோ பள்ளிகளாலோ வகுப்பவர் இல்லாத பற்றாக்குறையைக் கண்டுபிடிப்பார்.

இச்சிக்கலுக்கு வழி உண்டு. கணக்கெடுப்பின் ஏ-2 அட்டவணை, 1901 முதலான மாவட்ட மக்கள்தொகையை அந்தக் கணக்கெடுப்புக் காலத்து எல்லைக்கேற்பச் சரிசெய்து தருகிறது. நீண்டகால ஒப்பீட்டுக்கு அதுவே முதல் துணை. மொழி, எழுத்தறிவு, தொழில் போன்றவற்றுக்கு மாவட்டக் கூட்டுத்தொகையை விடுத்து, வட்டம் அல்லது கிராமம் வரை இறங்கி, ஒரே பரப்பை இரு ஆண்டுகளிலும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆய்வேட்டின் ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே, எந்த ஆண்டின் எல்லை என்று ஒரு வரி எழுதிவைப்பது பின்வருவோருக்குச் செய்யும் பேருதவி.